நம்பர் நம்மூரு... நெட் வெளியூரு!

பாஸ்போர்ட் ரெடி. விசா ரெடி. ஊறுகாய் பாட்டிலை மூணு கவர்ல சுத்தி சூட்கேஸுக்குள்ள எந்த மூலையில வெச்சாங்கனு அம்மாவுக்கே மறந்துபோச்சு. இன்டர்ன்ஷிப், எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர், மாஸ்டர்ஸ்னு ஏதோ ஒண்ணுக்காக ஃப்ளைட் ஏறப்போற மகாராஜாக்களே, மகாராணிகளே... ஒரு சின்ன கேள்வி. உங்க போனை என்ன பண்ணப் போறீங்க?

'என்ன பண்றது? இறங்கினதும் ஆன் பண்ண வேண்டியதுதான்'னு சொல்ற ஆளா நீங்க? அப்போ ரெண்டு நிமிஷம் உட்காருங்க. இது உங்களுக்காகத்தான்.

எங்க டிபார்ட்மென்ட் சீனியர் ஒருத்தர் அதைத்தான் பண்ணினார். ஃபிராங்க்ஃபர்ட் ஏர்போர்ட், போன் ஆன், பாக்கெட். அவ்வளவுதான். யாருக்கும் கால் பண்ணலை, படம் பார்க்கலை. ஆனா பாக்கெட்டுக்குள்ள போன் சும்மா இருக்குமா? குடும்ப குரூப்புல வந்த குட்மார்னிங் வீடியோக்களை இறக்கிச்சு, செண்ட்ஆஃப் போட்டோக்களை பேக்கப்புக்கு ஏத்துச்சு, நாலு ஆப்பை அப்டேட் பண்ணுச்சு. அப்பா பேர்ல இருந்த போஸ்ட்பெய்டு கனெக்‌ஷன், பில்லும் அப்பாவுக்கே போச்சு. எவ்வளவுனு கேட்டா, 'என் லேப்டாப் விலையை விட கொஞ்சம் கம்மி'னு சொல்லிட்டு மனுஷன் வேற டாபிக்குக்குத் தாவிடறார்.

நான் மூணாவது வருஷம் இ.சி.இ. படிக்கிறேன். என் பாஸ்போர்ட்டுல இன்னும் ஒரு சீல்கூட விழலை. ஆனா கம்யூனிகேஷன் பேப்பர்ல ஹெச்.எல்.ஆர்., வி.எல்.ஆர்.னு மனப்பாடம் பண்ணி எழுதினதுக்கும் அந்த பில்லுக்கும் சம்பந்தம் இருக்குனு தெரிஞ்சப்போ சும்மா இருக்க முடியலை. போய்ட்டு வந்த சீனியர்களை எல்லாம் குடைஞ்சு எடுத்துட்டேன். உதாரணத்துக்கு ஜெர்மனி. இப்போ இன்ஜினீயரிங் கேம்பஸ்ல அதிகம் காதுல விழற பேரு அதுதான். அங்கே பெரும்பாலான அரசு யுனிவர்சிட்டிகள்ல டியூஷன் ஃபீஸ் கிடையாதுங்கறது ஒரு காரணம். நமக்கும் அவங்களுக்கும் பழக்கம் இன்னிக்கு நேத்து வந்ததும் இல்லை. 1959-ல ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆரம்பிச்சதே அன்றைய மேற்கு ஜெர்மனியோட உதவியிலதான்.

மெஸ் பில் கணக்கு!

ரோமிங்னா என்ன? கல்ச்சுரல்ஸுக்கு வேற காலேஜ் போறீங்க. அந்த ஹாஸ்டல்லயே தங்கறீங்க. மெஸ் வாசல்ல நிக்கறவர் உங்க ஐ.டி. கார்டைப் பார்க்கறார், உங்க காலேஜுக்கு போன் போட்டு, 'இது உங்க பையன்தானா? சாப்பாடு போடலாமா?'னு கேட்கறார். ஓகே வந்ததும் தட்டு நீட்டறார். நீங்க சாப்பிட்ட கணக்கு உங்க காலேஜுக்குப் போகுது. காலேஜ் அதுக்கு மேல தன் பங்கையும் போட்டு உங்ககிட்ட வசூல் பண்ணுது.

இதுல ஐ.டி. கார்டுதான் சிம். அதுக்குள்ள இருக்கற ஐ.எம்.எஸ்.ஐ. நம்பர் 404 அல்லது 405-ல ஆரம்பிச்சா 'இந்தியப் பார்ட்டி'னு ஜெர்மன் நெட்வொர்க்குக்குப் புரிஞ்சிடும். உடனே இந்தியாவுல இருக்கற உங்க கம்பெனிகிட்ட கேட்கும். ஓகே வந்ததும் டவர் கிடைக்கும். நீங்க பயன்படுத்தினது எல்லாம் ஒரு ஃபைலா மாறி இந்தியாவுக்கு வரும்.

இதைவிட சுவாரஸ்யமான மேட்டர் ஒண்ணு இருக்கு. ஃபிராங்க்ஃபர்ட் ஸ்டேஷன் வாசல்ல நின்னுக்கிட்டு அதே ஸ்டேஷனோட மேப்பை ஓபன் பண்றீங்கனு வைங்க. ரோமிங்ல பெரும்பாலும் அந்த டேட்டா நேரா உங்க போனுக்கு வராது. இந்தியாவுல இருக்கற உங்க கம்பெனி கேட்வேக்குப் போய், அங்கிருந்து இன்டர்நெட்டைத் தொட்டு, மறுபடி ஜெர்மனி வரும். மூக்கைத் தொட தலையைச் சுத்தறதுன்னா இதுதான். சீனாவுல உள்ளூர் சிம்ல ஓடாத வாட்ஸ்அப், வெளிநாட்டு ரோமிங் சிம்ல மட்டும் ஜோரா ஓடறதுக்கும் இந்த சுத்துவழிதான் காரணம்.

அப்போ இவ்வளவு தூரம் சுத்தறதாலதான் காசு அதிகமா? கிடையாது பாஸ். ஐரோப்பிய யூனியன் இதுக்கு ஒரு கணக்கு வெச்சிருக்கு. அந்த நாடுகளுக்குள்ள ஒரு போன் கம்பெனி இன்னொரு கம்பெனிகிட்ட 1 ஜி.பி. ரோமிங் டேட்டாவுக்கு அதிகபட்சம் எவ்வளவு வாங்கலாம்னு சட்டத்துலயே எழுதிட்டாங்க. 2017-ல அது 7.70 யூரோ. 2025-க்கு 1.30 யூரோ. 2027-ல இருந்து 1 யூரோ. இந்த விலைக்கு வித்தும் எந்த டவரும் சரிஞ்சு விழலை.

இப்போ நம்ம பக்கம் வருவோம். பேக் எதுவும் போடாம ரோமிங்ல நுழைஞ்சா எம்.பி. கணக்குல சார்ஜ் ஆகும். கணக்குக்கு ஒரு எம்.பி.க்கு வெறும் 10 ரூபாய்னு வெச்சுக்கங்க. 1 ஜி.பி.னா 1,024 எம்.பி. ஆச்சா, 10,240 ரூபாய்! ஹாஸ்டல்ல ராத்திரி தூக்கம் வராம ரீல்ஸ் தள்ளினாலே 1 ஜி.பி. காலி ஆகிற காலம் இது.

ரெண்டு கம்பெனி தங்களுக்குள்ள விலை பேசிக்கும்போது காசு கொடுக்கப்போற நீங்க அந்த ரூம்லயே இல்லை. அதுதான் விஷயம். ஐரோப்பாவுல 2007-ல விவியன் ரெடிங்னு ஒரு கமிஷனர் அம்மா அந்த ரூம் கதவைத் தட்டினாங்க. அவுட்கோயிங் நிமிஷத்துக்கு 49 சென்ட்டுக்கு மேல வாங்கக்கூடாது, இன்கமிங்குக்கு 24 சென்ட்டுக்கு மேல கூடாதுனு முதல் கடிவாளம் போட்டாங்க. வருஷா வருஷம் அதை இறுக்கி இறுக்கி, 2017 ஜூன் 15-ல இருந்து 'ஊர்ல என்ன விலையோ அதே விலை'னு ஆக்கிட்டாங்க. அந்தச் சட்டம் 2032 வரைக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கு. ஒரு காலத்துல சென்னையில இருந்து திருப்பதிக்குப் போனாலே ரோமிங் விழும்னு எங்க மாமா சொல்வார். இன்னிக்கு அது நமக்கு ஜோக்கு. ஜெர்மன்காரனுக்கு பாரிஸ் ரோமிங் இப்போ அப்படி ஒரு ஜோக்கு.

நாம அந்த ஜோக்குல சேரணும்னா கையில ஐரோப்பிய சிம் இருக்கணும்.

அப்போ இந்திய சிம்மைத் தூக்கிப் போட்டுடலாமா?

ஐயோ, வேண்டவே வேண்டாம்! பில்லை விட பெரிய ஆப்பு அங்கேதான் இருக்கு.

உங்க போன் ரெண்டு வேலை பார்க்குது. ஒண்ணு, நெட் தர்றது. இன்னொண்ணு, 'இது நான்தான்'னு உலகத்துக்கு நிரூபிக்கறது. பேங்க் ஓ.டி.பி., ஆதார், டிஜிலாக்கர், யு.பி.ஐ., வாட்ஸ்அப்... எல்லாத்துக்கும் சாவி அந்தப் பத்து இலக்கம்தான். நெட் எந்த ஊர்ல வேணா வாங்கலாம். சாவியை வாங்க முடியாது. ரெண்டு வேலையையும் ஒரே சிம் தலையில கட்டறதாலதான் பிரச்னை எல்லாம். பிரிச்சிடுங்க. நம்பர் இந்தியாவோடது, அமைதியா ஒரு ஓரமா கிடக்கட்டும். நெட் நீங்க நிக்கற ஊரோடது.

'மூணு மாசம் ரீசார்ஜ் பண்ணலைன்னா என்ன குடி முழுகிப் போகுது?'னு நினைக்கறவங்க கவனிங்க. 2013-ல டிராய் கொண்டுவந்த விதிப்படி, ப்ரீபெய்டு நம்பரை 90 நாள் தொடர்ந்து பயன்படுத்தாம விட்டா கம்பெனி அதை கட் பண்ணலாம். அக்கவுன்ட்ல குறைஞ்சது 20 ரூபாய் பேலன்ஸ் இருந்தா அந்த கணக்குல தொடர்ந்து தக்க வெச்சுக்கலாம். கட் ஆன நம்பரை குறைஞ்சது 90 நாள் யாருக்கும் கொடுக்கறது இல்லைனு 2023 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டுல டிராய் சொல்லியிருக்கு. சரி, 91-வது நாள்? எங்கேயோ ஒருத்தர் கடையில போய் புது சிம் வாங்குவார், அதுல உங்க நம்பர் இருக்கும். உங்க பேங்க்குக்கு இது தெரியாது. அது பாட்டுக்கு உங்க ஓ.டி.பி.யை அவருக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும். ஸ்காலர்ஷிப் பணம் இருக்கற அக்கவுன்ட்டுக்கு பாஸ்வேர்டு மாத்தணும்னு மியூனிக்ல உட்கார்ந்து நீங்க நகம் கடிச்சுக்கிட்டு இருப்பீங்க.

இதுலயே ஒரு நுணுக்கம். நம்பர் உயிரோட இருக்கறது வேற, அதுக்கு எஸ்.எம்.எஸ். வர்றது வேற. பிளான் வேலிடிட்டி முடிஞ்சா இன்கமிங் நின்னுபோயிடும். அதனால போற காலம் முழுக்க வர்ற மாதிரி வேலிடிட்டி போட்டுட்டுக் கிளம்புங்க. அதுக்காக தினம் 2 ஜி.பி. டேட்டா பேக்கை வருஷக் கணக்குல வாங்கித் தொலைக்க வேண்டாம். டேட்டா இல்லாம வாய்ஸும் எஸ்.எம்.எஸ்ஸும் மட்டும் இருக்கற ரீசார்ஜ் ஒண்ணாவது விக்கணும், அதோட வேலிடிட்டி 365 நாள் வரைக்கும் இருக்கலாம்னு 2024 டிசம்பர்ல டிராய் விதி போட்டுது. உங்க கம்பெனி ஆப்புல அது எங்கேயாவது அடியில, கண்ணுக்குத் தெரியாத இடத்துல ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும். தேடி எடுங்க.

அடுத்து, ரோமிங் சர்வீஸ் ஆக்டிவ் ஆகியிருக்கணும். ரோமிங்ல உள்ளே வர்ற எஸ்.எம்.எஸ்ஸுக்கு நம்ம கம்பெனிகள் பொதுவா காசு வாங்கறது இல்லை. ஆனா சர்வீஸே ஆன் ஆகலைன்னா எஸ்.எம்.எஸ். எப்படி வரும்? சில பிளான்கள்ல இதுக்குனு தனியா ஒரு சின்ன ரீசார்ஜ் கேட்கறாங்க. கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே கஸ்டமர் கேருக்கு போன் போட்டு, 'டேட்டா வேண்டாம், கால் வேண்டாம், ஜெர்மனியில எஸ்.எம்.எஸ். மட்டும் வரணும். அதுக்கு என்ன பண்ணணும்?'னு இதே வார்த்தையில கேளுங்க. பேக் விக்க ட்ரை பண்ணுவாங்க. மறுபடியும் இதையே கேளுங்க.

'சிம்மை அம்மா போன்ல போட்டுட்டுப் போறேன், ஓ.டி.பி. வந்தா படிச்சுச் சொல்வாங்க' - நம்ம ஊர்ல ரொம்ப பாப்புலரான டெக்னிக் இது. காசு செலவு இல்லைதான். ஆனா யு.பி.ஐ. ஆப் இந்த வேலைக்கு ஒத்துக்காது. புதுசா பதிவு பண்ணும்போது அந்த போன்ல இருக்கற சிம்முல இருந்தே ஒரு எஸ்.எம்.எஸ். போகணும். வெளிநாட்டு நம்பரை வெச்சே யு.பி.ஐ. பயன்படுத்தலாம்னு 2023 ஜனவரியில என்.பி.சி.ஐ. 10 நாடுகளுக்கு அனுமதி கொடுத்தது. சிங்கப்பூர், அமெரிக்கா, பிரிட்டன் எல்லாம் இருந்த அந்த லிஸ்ட்டுல ஜெர்மனி இல்லை. அதுவும் என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. அக்கவுன்ட்டுகளுக்கு மட்டும்தான். போதாக்குறைக்கு வாட்ஸ்அப், டெலிகிராம் மாதிரி ஆப்கள், கணக்கு எந்த சிம்முல தொடங்கினதோ அந்த சிம் போன்ல இருந்தாதான் ஓடணும்னு 2025 நவம்பர்ல தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டுது. சிம் போன்லயே இருந்தா ரோமிங்ல இருக்கறவங்களுக்குப் பிரச்னை இல்லைனும் விளக்கம் சொன்னாங்க. ஸோ, சிம் உங்ககூடவே வரட்டும். அம்மாவும் ராத்திரி பன்னெண்டு மணிக்கு கண்ணாடியைத் தேடி எடுத்து ஆறு நம்பர் படிக்க வேண்டியதில்லை.

கிளம்பறதுக்கு முன்னாடி...

*#06# டயல் பண்ணிப் பாருங்க. ஐ.எம்.இ.ஐ. நம்பரோட இ.ஐ.டி.னு நீளமா ஒரு நம்பர் வந்தா உங்க போன்ல இ-சிம் வசதி இருக்கு. ரெண்டு சிம் ஸ்லாட் இருந்தா இது இல்லாமலும் சமாளிக்கலாம். ஒரு ஸ்லாட்டும் இ-சிம்மும் இருக்கற போன்னா, இந்திய நம்பரை இ-சிம்மா மாத்திட்டு ஸ்லாட்டை காலி வெச்சுக்கறது வசதி. தொலைஞ்சு போகாது, ஜெர்மன் சிம் கவர்ல சுருட்டி எங்கேயோ வெக்கவும் வேண்டாம்.

ஆனா இதை ஏர்போர்ட் போற கேப்ல உட்கார்ந்து பண்ணாதீங்க! சிம் மாத்தினா அடுத்த 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது, போகாது. சிம் மோசடியைத் தடுக்க தொலைத்தொடர்புத் துறை போட்ட ஏற்பாடு அது. ஓ.டி.பி. இல்லாம ஒரு நாள் முழுக்க வெளிநாட்டுல நிக்கறதெல்லாம் தேவையா? பத்து நாள் முன்னாடியே முடிங்க. புது போன் வாங்கற ஐடியா இருந்தாலும் இங்கேயே வாங்கி, பேங்க் ஆப், யு.பி.ஐ. எல்லாத்தையும் இங்கேயே செட் பண்ணிடுங்க.

##002# டயல் பண்ணி எல்லா கால் ஃபார்வர்டையும் கேன்சல் பண்ணுங்க. இதுல என்ன ஆபத்துனு கேட்கறீங்களா? நீங்க எடுக்கலைன்னா வேற இந்திய நம்பருக்குப் போற மாதிரி ஃபார்வர்டு இருக்குனு வைங்க. கால் சென்னையில இருந்து ஜெர்மனி வரும். நீங்க எடுக்க மாட்டீங்க. அது மறுபடி ஜெர்மனியில இருந்து இந்தியா போகும். போனதுக்கும் சார்ஜ், வந்ததுக்கும் சார்ஜ். பேசினது யாரு? யாரோ!

பை த வே, ரோமிங்ல இன்கமிங் காலுக்கும் நீங்கதான் காசு தரணும். காலையில ஒன்பது மணிக்கு 'சார், பர்சனல் லோன் வேணுமா?'னு ஒரு குரல் கூப்பிடுமே... வெயில் காலத்துல ஜெர்மனியில அப்போ விடியற்காலை அஞ்சரை. தூக்கக் கலக்கத்துல எடுத்து, 'வேண்டாங்க'னு சொன்னதுக்கு நிமிஷக் கட்டணம். தெரியாத நம்பரை எடுக்காதீங்க. வீட்டுல, பிரெண்ட்ஸ்கிட்ட எல்லாம் 'வாட்ஸ்அப்ல மட்டும் கூப்பிடுங்க'னு சொல்லிவெச்சிடுங்க.

இன்னொரு முக்கியமான கேம்பஸ் மேட்டர். எடுரோம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? யுனிவர்சிட்டிகளுக்குள்ள ஒப்பந்தம் போட்டு நடக்கற வைஃபை. உங்க காலேஜ் ஐ.டி.யும் பாஸ்வேர்டும் வெச்சே உலகம் முழுக்க எடுரோம் இருக்கற எந்த கேம்பஸ்லயும் ஓசி வைஃபை. ரோமிங்ல நடக்கற அதே 'இது உங்க பையன்தானா?' விசாரணைதான், ஆனா பில் மட்டும் கிடையாது! இந்தியாவுல எர்நெட் இதை நடத்துது, ஜெர்மன் யுனிவர்சிட்டிகள்ல சர்வ சாதாரணம். உங்க காலேஜ் இதுல மெம்பரானு சிஸ்டம் அட்மின்கிட்ட கேளுங்க. மெம்பர்னா இங்கேயே செட் பண்ணி டெஸ்ட் பண்ணிட்டுப் போங்க.

ஜெர்மன் சிம் வாங்கற படலம்!

வேளச்சேரியில சிம் வாங்கற மாதிரி ரெண்டு நிமிஷ வேலைனு நினைச்சுப் போகாதீங்க. 2017 ஜூலை 1-ல இருந்து ஜெர்மனியில ப்ரீபெய்டு சிம் ஆக்டிவேட் ஆகணும்னா அடையாளத்தை நிரூபிச்சே ஆகணும். போஸ்ட் ஆபீஸ்ல பாஸ்போர்ட்டைக் காட்டலாம், இல்லைன்னா வீடியோ கால்ல பாஸ்போர்ட்டைத் தூக்கிப் பிடிச்சு, 'கொஞ்சம் சாய்ங்க, லைட்டுல காட்டுங்க'னு அவங்க சொல்ற மாதிரி எல்லாம் காட்டணும். தங்கற இடத்து அட்ரஸும் கேட்பாங்க. கையில எழுதி வெச்சுக்கங்க. தெருப்பேரை வாயால சொல்லலாம்னு மட்டும் நினைக்காதீங்க.

நல்ல சேதி என்னன்னா, சிம் மளிகைக் கடையிலயே கிடைக்கும். ஆல்டி, லிடில்னு சூப்பர்மார்க்கெட்டுகள் பால், பிரெட்டோட சிம்மும் விக்குது. ஆல்டியோட சிம் ஓ2 நெட்வொர்க்குல ஓடுது, லிடிலோடது வோடஃபோன்ல. சீனியர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு சிபாரிசு பண்றது இந்த மாதிரி சூப்பர்மார்க்கெட் ப்ரீபெய்டுதான். ஷோரூம்ல சிரிச்ச முகமா ஒருத்தர் '24 மாச கான்ட்ராக்ட், போனும் தர்றோம்'னு ஆரம்பிச்சா கும்பிடு போட்டுட்டு வெளியே வந்துடுங்க. மூணு மாச இன்டர்ன்ஷிப்புக்கு ரெண்டு வருஷ தாலி எதுக்கு?

அப்புறம், அங்கேயும் நம்ம 28 நாள் தில்லாலங்கடி உண்டு. ப்ரீபெய்டு பிளான்கள் 'மாசம்' கிடையாது, 'நாலு வாரம்'. வருஷத்துக்குப் பன்னெண்டு இல்லை, பதிமூணு ரீசார்ஜ். இந்த விஷயத்துல உலகமே ஒண்ணு!

சிம் வாங்கி ஆக்டிவேட் ஆகற வரைக்கும் ரெண்டு மூணு நாள் என்ன பண்றது? ஃபிராங்க்ஃபர்ட் ஏர்போர்ட்டுல வைஃபை ஃப்ரீ. ஐ.சி.இ. ரயில்லயும் ஃப்ரீ. அது போதாதுன்னா டேட்டா மட்டும் தர்ற பயண இ-சிம் ஒண்ணு சின்னதா வாங்கிக்கலாம். இதுல பெரும்பாலும் போன் நம்பர் கிடையாது, நெட் மட்டும். ஆனா யார்கிட்ட வாங்கறீங்கனு பாருங்க. வெளிநாட்டு சிம்மை இந்தியாவுல விக்க தொலைத்தொடர்புத் துறையோட தடையில்லாச் சான்று வேணும். அது இல்லாததால 2024 ஜனவரியில ஏர்அலோ, ஹோலாஃப்ளை ரெண்டு ஆப்பையும் இந்திய ஆப் ஸ்டோர்கள்ல இருந்து தூக்கச் சொல்லிட்டாங்க.

ஒரு வார கான்ஃபரன்ஸுக்குத்தான் போறீங்கன்னா இந்த அலைச்சல் எதுவும் வேண்டாம். இந்திய கம்பெனியோட ரோமிங் பேக்கையே போட்டுட்டு நிம்மதியா பேப்பர் பிரசென்ட் பண்ணுங்க. பேக்குல ஜெர்மனி இருக்கா, நடுவுல இறங்கி ஏறப்போற நாடும் இருக்கானு மட்டும் பார்த்துக்கங்க. தோஹாவுல மூணு மணி நேரம் காத்திருக்கும்போது போன் அங்கே டவர் பிடிக்கும். அந்த நாடு பேக்குல இல்லைன்னா... புரிஞ்சுதா?

செட்டிங்ஸ்ல ஒரு திருட்டுப்பய!

ஜெர்மன் சிம் வந்தாச்சு. மொபைல் டேட்டாவுக்கு ஜெர்மன் சிம். இந்திய சிம்முல டேட்டா ரோமிங் ஆஃப். எல்லாம் சரினு நினைப்பீங்க. ஆனா 'டேட்டா தானா மாறிக்கொள்ள அனுமதி'ங்கற அர்த்தத்துல ஒரு ஸ்விட்ச் செட்டிங்ஸுக்குள்ள பதுங்கி இருக்கும். அது ஆன்ல இருந்தா, ஜெர்மன் சிம்முக்கு சிக்னல் குறையும்போது, 'பாவம் பையன், கஷ்டப்படறான்'னு போனே இன்னொரு சிம்முக்குத் தாவப் பார்க்கும். அந்த இரக்கம் நமக்கு வேண்டாம். ஆஃப்!

ஐபோன் வெச்சிருக்கற பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு இன்னொண்ணு. ஐமெசேஜ், ஃபேஸ்டைம் ஆக்டிவேட் ஆகும்போது உங்க நம்பர்ல இருந்து சத்தமில்லாம ஒரு வெளிநாட்டு எஸ்.எம்.எஸ். போகும். திரையில தெரியாது, பில்லுல தெரியும். ஃப்ளைட் ஏறறதுக்கு முன்னாடி அந்த ரெண்டையும் இந்திய நம்பருக்கு ஆஃப் பண்ணிடுங்க.

புது சிம் போட்டதும், 'நம்பரை மாத்தணுமா?'னு வாட்ஸ்அப் கேட்டா, 'வேண்டாம்'னு சொல்லிடுங்க. பழைய நம்பர்லயே, புது சிம்மோட நெட்டுல அது பாட்டுக்கு ஓடும். வைஃபை காலிங் வெச்சு இந்திய நம்பர்ல இருந்தே பேசலாம்னும் சிலர் சொல்வாங்க. கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறுது. வெளிநாட்டுல இருந்து பண்ணினா ரோமிங்காவே கணக்கு போடற பிளானும் உண்டு. கேட்காம தொடாதீங்க.

ஃப்ளைட்டுல ஏறினதும் ஏரோபிளேன் மோடு போடச் சொல்றது பைலட்டுக்காக மட்டும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இல்லையாம். சில விமானங்கள்ல உள்ளேயே குட்டி டவர் இருக்கு. சாட்டிலைட் வழியா ஓடற அது எந்த நாட்டு பேக்குலயும் சேராத தனி நெட்வொர்க். கப்பல்லயும் அதே கதைதான். ஜெர்மன் சிம்மா இருந்தாலும் ஐரோப்பிய சட்டம் அங்கே உங்களைக் காப்பாத்தாது.

அருவி பார்க்கப் போன இடத்துல...

ஜெர்மன் சிம்மோட பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், ப்ராக், வெனிஸ்னு சுத்துங்க. எக்ஸ்ட்ரா ஒரு சென்ட் கிடையாது. டேட்டா அளவு மட்டும் சில பிளான்ல குறையலாம். நார்வே, ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைன் எல்லாம் யூனியன்ல இல்லைன்னாலும் இந்த ஏற்பாட்டுக்குள்ள இருக்கு.

ஸ்விட்சர்லாந்து இல்லை! மேப்புல பார்த்தா நடுவுல தொப்புள் மாதிரி உட்கார்ந்திருக்கு, ஆனா கணக்குல வெளியே. ஃப்ரைபுர்க், ஸ்டுட்கார்ட் பக்கம் படிக்கறவங்க ஒரு ஞாயித்துக்கிழமை ரைன் அருவியைப் பார்க்கக் கிளம்புவாங்க. அந்த அருவி இருக்கறது ஷாஃப்ஹவுசன் பக்கத்துல, ஸ்விஸ் மண்ணுல. கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில, பாசல் எல்லையில நீங்க ஜெர்மனியிலயே நின்னாக்கூட போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கலாம். டவருக்கு பாஸ்போர்ட் தெரியுமா என்ன? சில ஜெர்மன் கம்பெனிகள் தாங்களாவே ஸ்விட்சர்லாந்தையும் பிளான்ல சேர்த்திருக்காங்க. உங்களோடதுல இருக்கானு பாருங்க. இல்லைன்னா அன்னிக்கு ஜெர்மன் சிம்முலயும் டேட்டா ரோமிங்கை ஆஃப் பண்ணிட்டு, மேப்பை முன்கூட்டியே டவுன்லோட் பண்ணிட்டுப் போங்க. லண்டன் போனாலும் இதே கதைதான். பிரிட்டன் யூனியனை விட்டு வெளியே போனதோட அந்தச் சட்டத்தையும் விட்டுட்டுப் போயிடுச்சு.

ஒரே ஆறுதல், ரோமிங் டேட்டா பில் 50 யூரோவை, வரி தனி, தொட்டதும் நெட்டை நிறுத்தணும்னு ஐரோப்பிய விதி இருக்கு. யூனியனுக்கு வெளியே போனாலும் பொருந்தும். ப்ரீபெய்டுல அதுக்கும் அவசியம் இல்லை. இருக்கற காசு தீர்ந்தா தானா படுத்துடும். ஸ்டூடண்ட்ஸுக்கு ப்ரீபெய்டுதான் பெஸ்ட்னு நான் அடிச்சுச் சொல்றது இதனாலதான்.

'போலந்துல சிம் சீப்பாமே, அங்கே வாங்கி ஜெர்மனியில ஓட்டலாமா?'னு ஒரு மூளைக்காரர் கேட்டார். கண்டுபிடிச்சிடுவாங்க. நாலு மாசக் கணக்கு எடுத்துப் பார்த்து, சொந்த நாட்டை விட வெளியிலதான் அதிகம் இருக்கீங்கன்னா எக்ஸ்ட்ரா சார்ஜ் போட கம்பெனிக்கு உரிமை இருக்கு.

இன்னொரு விஷயம், இது காசு மேட்டர் இல்லை. ஐரோப்பா முழுக்க எமர்ஜென்சி நம்பர் 112. சிம்மே இல்லாத போன்லயும் பல நாடுகள்ல அது போகும். ஜெர்மனியில போகாது! வேலை செய்யற சிம் உள்ளே இருந்தாதான் 112. விளையாட்டுக்குக் கூப்பிட்டு டார்ச்சர் பண்றாங்கனு 2009-லயே அப்படி மாத்திட்டாங்க. 'வைஃபை போதும், சிம் எதுக்கு?'னு கஞ்சத்தனம் பண்ற பார்ட்டிகள் நோட் பண்ணிக்கங்க.

பாட்டிகிட்ட எப்படிப் பேசறது?

அம்மா, அப்பா எல்லாம் வாட்ஸ்அப் வீடியோ காலுக்கு எப்பவோ வந்துட்டாங்க. பட்டன் போனை விட்டு வர மாட்டேன்னு அடம்பிடிக்கற பாட்டிதான் சிக்கல். ஜெர்மன் சிம்முல இருந்து நேரா இந்தியாவுக்குக் கூப்பிட்டா நிமிஷத்துக்கு நிமிஷம் தீட்டிடும். முன்னாடி இதுக்கு ஸ்கைப் இருந்துச்சு, 2025 மே மாசத்தோட அதுக்கும் மூடுவிழா நடத்திட்டாங்க. வைபர் அவுட் மாதிரி, நெட்டுல இருந்து சாதா போனுக்குக் கூப்பிடற சேவைகள் இருக்கு. நிமிஷக் கட்டணத்தைப் பார்த்துட்டு கொஞ்சமா காசு போட்டு வெச்சுக்கலாம். அதைவிட ஈஸியா ஒரு சீனியர் வழி வெச்சிருக்கார். அம்மா வாட்ஸ்அப்ல வருவாங்க, ஸ்பீக்கரைப் போட்டு பாட்டி காதுகிட்ட வெப்பாங்க. பாட்டி மட்டும், 'ஐ.எஸ்.டி. கால், சீக்கிரம் பேசி முடி, காசு ஏறும்'னு ஒவ்வொரு வாரமும் கத்திக்கிட்டே இருக்காங்களாம்.

டைம் மட்டும் பார்த்துக் கூப்பிடுங்க. வெயில் காலத்துல நமக்கும் ஜெர்மனிக்கும் மூணரை மணி நேர வித்தியாசம். அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க, அதுக்கப்புறம் நாலரை. மார்ச் கடைசி ஞாயிறு வரைக்கும் இப்படியே. லேப் முடிச்சு, சமைச்சு, சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு ஆசையா போன் போடுவீங்க. இங்கே மணி ஒண்ணரை. ஆனாலும் முதல் ரிங்குலயே எடுத்துடுவாங்க... 'சாப்பிட்டியாடா?'